ஒரு சி.சி.

கிசுமு வாகனப் பதிவு அலுவலகம்,
மூன்றாவது ஜன்னல்.
கண்ணாடியில் என் வாய் உயரத்துக்கு ஒரு துளை.
பதினொரு வருடமாக அந்தத் துளை வழியே
மனிதர்கள் பெட்ரோல் வாசத்தோடு பேசினார்கள்.

மெர்சிலீன் அவினோ பேசியபோது
பற்றவைத்த இரும்பின் வாசம்.
வாசலில் அவள் வண்டி.
சங்கிலி உண்டு, சக்கரம் உண்டு,
வயிறு இருந்த இடத்தில்
நீலத் தகரப் பெட்டி.
முடுக்கிக் காட்டினாள்.
ஏரியில் நிற்கும் நாரை
கால் மாற்றும் அளவுக்குத்தான் சத்தம்.
என் செருப்பே இதைவிட இரையும் என்றார்
வரிசையில் ஒருவர்.

சட்டத்தில் எண் இருக்கிறதா என்றேன்.
இருக்கிறதே என்று குனிந்து
வண்டியின் சட்டத்தைத் துடைத்துக் காட்டினாள்.
அந்தச் சட்டம் சரிதான்.
எனக்குப் பயம் மற்றதிடம்.

படிவத்தில் ஏழாவது கட்டம்:
எஞ்சின் கொள்ளளவு, சி.சி.யில்.
வெறுமையாக விட்டால்
கணினி அடுத்த பக்கம் போகாது.
பூஜ்யம் போட்டால் சிவப்பில் சொல்லும்:
இப்படியொரு வண்டி இல்லை.
இல்லாத வண்டி வெயிலில் நின்றது.
யார் வீட்டுப் பையனோ
அதன் மேல் ஏறி உட்கார்ந்து
வாயால் உறுமிக்கொண்டிருந்தான்.

கட்டம் சரியில்லை என்றேன்.
குமாஸ்தாவுக்கு இப்படிச் சொல்வது சுலபம்.

நைரோபிக்கு எழுதினேன்.
நைரோபி தர நிர்ணயக் கழகத்தைக் கேட்டது,
கழகம் மின்துறையைக் கேட்டது,
மின்துறை இது போக்குவரத்து என்றது.
நாற்பத்தோராம் நாள் என் கடிதம்
ஆறு முத்திரைகளுடன் என் மேசைக்கே வந்தது,
உரிய நடவடிக்கைக்காக.

ஒவ்வொரு செவ்வாயும் வந்தாள்.
பட்டறை வாடகை பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.
கைச்சூட்டுக் காயங்கள் மட்டும்
வாரத்துக்கு ஒன்றாக இடம் மாறின.

எட்டாவது செவ்வாய்
துளைக்கருகே குனிந்து நான்தான் சொன்னேன்:
ஒன்று என்று போடு.

ஒன்றா?

ஒரு சி.சி.

கொசுவுக்கு இருக்கும் அவ்வளவு, என்றாள்.
போட்டாள்.
கணினி சத்தமில்லாமல் விழுங்கியது.

அதன்பின் வந்தவை எல்லாம் ஒரு சி.சி.
மீன்கூடைகள், மக்காச்சோள மூட்டைகள்,
பிரசவத்துக்குப் போன ஒருத்தி, அவள் மாமியார்,
எல்லோரையும் கொசு சுமந்தது.
கொண்டெலே முனையில் போலீஸ்காரர்
பதிவுப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
சிரிக்கவும் முடியாமல்
அபராதம் எழுதவும் முடியாமல்
போகவிட்டார்.
முப்பத்துநாலு வண்டிகள்.
எண்ணியது நான்.

ஏப்ரலில் அரசிதழ் வந்தது.
ஒன்பது பக்கம்.
மூன்றாம் பக்கத்தில் மின்சார வண்டி
வண்டிதான் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள்.
பட்டறையில் ஆடு வெட்டினார்களாம்.
ஐந்தாம் பக்கத்தில், மின்கலச் சோதனை
மொம்பாசாவில் மட்டும்.
ஆறாம் பக்கத்தில், மின்கலத்தைப்
பேருந்திலோ ரயிலிலோ ஏற்றக் கூடாது.
ஒரு முறை சார்ஜ் போட்டால்
எழுபது கிலோமீட்டர் ஓடும் வண்டி அது.
மொம்பாசா நாட்டின் மறுகோடி.

எட்டாம் பக்கம், உட்பிரிவு இ:
முன்னர் பொய்யான கொள்ளளவு
அறிவித்தோர் குற்றவாளிகள்.

இன்று செவ்வாய் இல்லை.
அவள் வந்திருக்கிறாள், முப்பத்துநாலு தாள்களோடு.
முறைப்படுத்தல் படிவம்.
நாலாவது கட்டம்:
பொய் அறிவிப்புக்கு ஆலோசனை கூறியவர் பெயர்.
இதையும் வெறுமையாக விட முடியாது.

அவள் எதையும் எழுதவில்லை.
எழுதவும் சொல்லவில்லை.
தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு
வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
மரத்தடியில் முப்பத்துநாலும் நிற்கின்றன.
ஓடிக்கொண்டிருக்கின்றனவா, அணைத்துவிட்டார்களா?
இங்கிருந்து கேட்டால் தெரியாது.

பேனாவை உதறினேன்.
எழுத்துக்கு ஒரு சதுரமாக
இருபத்தைந்து சதுரங்கள் கொடுத்திருந்தார்கள்.
ஒபுயா.
நிறைய மிச்சம் இருந்தது.